சினமும் நீதியும்

வலிய வந்த காசை வேண்டாமென்று தள்ளுபவனைப் பேதை என்று உலகம் கூறும். ஆயினும், கொடுத்தவன் நேர்மையற்ற முறையிற் பங்கிட்டமையாலேயே அவன் அதனைத் தள்ளினான் என்று தெரியவரின், அதே உலகம் அவனை மானமுள்ளவன் என்று போற்றும். ஒரே செயல் ஒருகால் மடமையாகவும் மற்றொருகால் மாண்பாகவும் தோன்றுவது ஏன்? தனக்கு நட்டம் நேர்ந்தாலும் அநீதி செய்தவன் தண்டம் பெறல் வேண்டும் என்று மனிதனைத் தூண்டும் அந்த உணர்ச்சி எங்கிருந்து பிறக்கின்றது? அஃது அடக்கப்படவேண்டிய நோயா, அன்றிச் சமுதாயத்தைத் தாங்கும் தூணா? ஒழுக்க நூலாரும் சமயச் சான்றோரும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்த இவ்வினாவை, 1982 ஆம் ஆண்டு தொடக்கம் பொருளியலாரும், அவர்களைத் தொடர்ந்து மூளை நூல் வல்லாரும் பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுவந்தனர். அந்த வரலாறு அறியத்தக்கது.

இத்துறையில் முன்னோடியாய் விளங்கியவர், ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒழுக்கவியற் பேராசிரியராயிருந்த அடம் சிமித் என்பவர். 1759 ஆம் ஆண்டில் ஒழுக்க உணர்ச்சிகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூலிலே, தீங்கு செய்தவன்மீது எழும் சினம் இயற்கை மனிதனுக்கு அளித்த காவல் என்று எடுத்துக் காட்டினார். தீங்குற்றவன் மட்டுமன்றி, அருகில் நின்று பார்ப்பவனும் அச்சினத்திற் பங்குகொள்கின்றான். நீதிக்கு அதுவே அரணாகின்றது என்பது அவர் கருத்து. ஆயின், அச்சினம் எல்லை கடத்தல் ஆகாது. எப்பக்கமும் சாராத பார்வையாளன் ஒருவன் ஒப்புக்கொள்ளும் அளவிலேயே அது நிற்றல் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1776 இல், நாடுகளின் செல்வத்தைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் வெளிவந்தது. பின்வந்த பொருளியலார் பலர் இரண்டாம் நூலையே விரும்பிப் பயின்றனர். தன் இலாபத்தைக் கணக்கிட்டு, அதனைப் பெருக்கும் வழியில் மட்டும் செல்லும் ஒரு கற்பனை மனிதனை அவர்கள் அமைத்துக்கொண்டனர். அக்கற்பனை மனிதனுக்குக் கணக்கு உண்டு, சினம் இல்லை.

அவனை உண்மை மனிதரோடு ஒப்புநோக்கும் எளிய சோதனை ஒன்றின் பெறுபேறுகளை, 1982 இல் ஜேர்மனி நாட்டுப் பொருளியலார் வேர்னர் கியூத் என்பவரும் அவர்தம் துணைவர் இருவரும் வெளியிட்டனர். கொலோன் நகரிலே மாணவரைக் கொண்டு அச்சோதனை நடத்தப்பட்டது. அதன் விதி சுருக்கமானது. ஒருவரையொருவர் அறியாத இருவருள் ஒருவனிடம் ஒரு தொகை ஒப்படைக்கப்படும். மற்றவனுக்கு அதில் எவ்வளவு கொடுப்பது என்பதை அவனே கூறல் வேண்டும். மற்றவன் அதனை ஏற்பின், கூறியவாறே இருவரும் பெறுவர். அவன் மறுப்பின், இருவருக்கும் ஒன்றுமில்லை. பேரம் பேசுதற்கு இடமில்லை, மறுமுறையும் இல்லை. இதற்கு இறுதிக்கெடு ஆட்டம் என்று பெயர் வழங்கலாயிற்று.

கணக்கொன்றையே அறிந்த கற்பனை மனிதன் இங்கே என் செய்வான்? வெறுங்கையினும் ஒரு மார்க் மேலானது ஆதலின், எத்துணைச் சிறிய பங்கையும் அவன் ஏற்பான். இதனை முன்னறிந்து, பங்கிடுபவனும் மிகச் சிறியதையே கொடுப்பான். ஆனால் கொலோன் மாணவர் அவ்வாறு நடக்கவில்லை. பங்கிட்டவருட் பலர் பாதியையோ பாதிக்கு அணித்தான தொகையையோ கொடுத்தனர். சிறு பங்கைப் பெற்றவருட் சிலர் அதனை மறுத்து, வெறுங்கையராய்ச் செல்ல உடன்பட்டனர். பங்கிட்டவனும் வெறுங்கையனாதலே அவர்கள் தம் நட்டத்துக்கு ஈடாகப் பெற்றது.

தனக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பொறாதவன், பிறர்க்கு இழைக்கப்பட்டதையும் பொறானோ என்னும் வினா அடுத்து எழுந்தது. 1986 இல் டானியல் கானமன், ஜாக் நெற்ச், றிச்சட் தேலர் ஆகிய மூவர் இதனைச் சோதித்தனர். முன்னர் வேறொருவனுக்கு அநீதி செய்த ஒருவனோடு 12 டொலரைச் சமமாகப் பங்கிடலாம். அன்றி, நேர்மையாக நடந்த ஒருவனோடு 10 டொலரைச் சமமாகப் பங்கிடலாம். இரண்டாவதைத் தெரிபவர்க்கு ஒரு டொலர் நட்டமாகும். அவ்வாறிருந்தும், நான்கில் மூன்று பங்கினர் அளவில் நேர்மையாளனையே தெரிந்தனர். அருகில் நின்று பார்ப்பவனைப் பற்றி அடம் சிமித் கூறியது பொய்யன்று என்பதற்கு இஃது ஒரு சான்றாயிற்று.

சிறு தொகையாதலின் மானம் பார்க்கின்றனர். பெருந்தொகை வரின் வாய் மூடிக்கொள்வர் என்று ஐயுற்றவரும் உண்டு. அவ்வையத்தில் உண்மையும் உண்டு. 1999 இல் இந்தோனேசியாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அங்கே ஆட்டத்தொகை, பங்குபற்றியோரின் மூன்று மாதச் செலவுக்கு நிகராக உயர்த்தப்பட்டபோதும், பங்கிட்டவர் பாதிக்கு அணித்தாகவே கொடுத்தனர். ஆனால் இந்தியாவின் வடகிழக்குப் பகுதியில் 20 ரூபா முதல் 20,000 ரூபா வரை தொகையை ஏற்றிச் சென்று செய்த சோதனை 2011 இல் வெளிவந்தபோது, மறுபக்கமும் தெரியவந்தது. தொகை மிக உயர்ந்த நிலையில், சிறிய பங்கையும் மறுப்பவர் ஏறக்குறைய இல்லாதொழிந்தனர். ஏழைக்கு வாழ்வளிக்கும் தொகை எதிரே நிற்கும்போது சினம் தன் விலையை அறிகின்றது. அநீதியைச் சகிப்பவரெல்லாம் அதனை உணராதவர் என்று எவரும் எண்ணிவிடுதல் கூடாது.

இவ்வுணர்ச்சியாற் சமுதாயம் அடையும் பயன் யாது என்பதைத் தெளிவாகக் காட்டியவர், சுவிற்சர்லாந்தில் ஆராய்ச்சி நடத்திய ஏர்ன்ஸ்ற் ஃபேர், சைமன் கெக்ரர் என்னும் இருவர். 2002 இல் வெளிவந்த அவர்களது ஆராய்ச்சியிலே 240 மாணவர் பங்குபற்றினர். நால்வர் கொண்ட குழுக்களாக அவர்கள் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொருவரிடமும் 20 அலகு பணம் உண்டு. அதனைத் தாமே வைத்துக்கொள்ளலாம். பொதுப் பேழையிலும் இடலாம். பேழையில் இட்ட ஒவ்வோர் அலகுக்கும் நால்வரும் தனித்தனி 0.4 அலகு பெறுவர். நால்வரும் தம்மிடமுள்ள எல்லாவற்றையும் இட்டால், ஒவ்வொருவர்க்கும் 32 அலகு கிடைக்கும். ஆயின், மற்ற மூவர் இட, ஒருவன் மட்டும் இடாது மறைத்துக்கொண்டால், அவன் 44 அலகு பெறுவான். ஊர்க்கிணற்றைத் தூர்வாரும் நாளில் வீட்டில் உறங்கிவிட்டு, நீர் ஊறிய பின் வாளியோடு வருபவனின் நிலை இது.

தண்டிக்க வழியில்லாத ஆட்டத்திலே பொதுப் பேழை வரவர வற்றியது. தொடக்கத்தில் மனமுவந்து இட்டவரும், பிறர் ஏமாற்றுவதைக் கண்டு கையை இறுக்கிக்கொண்டனர். பின்னர் ஒரு புதிய விதி சேர்க்கப்பட்டது. தன் பணத்தில் ஓர் அலகைச் செலவிட்டால், ஏமாற்றியவனுக்கு மூன்று அலகு குறையும். ஒவ்வொரு சுற்றிலும் குழுவினர் மாற்றப்பட்டமையால், ஒருமுறை தண்டிக்கப்பட்டவனைத் தண்டித்தவன் மீண்டும் சந்திப்பதில்லை. எனவே தண்டித்தவனுக்கு அதனால் வரும் இலாபம் யாதுமில்லை. அவ்வாறிருந்தும், பத்திலே எட்டுப் பேருக்கு மேற்பட்டவர் ஒருமுறையேனும் தம் பணத்தைச் செலவிட்டுத் தண்டித்தனர். பொதுப் பேழை நிறையத் தொடங்கியது. தண்டித்தவனுக்கு நட்டம், அவன் என்றும் காணாத பிறர்க்கு நன்மை. ஆகவே இதற்குப் பிறர்நலத் தண்டம் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். இதனைச் செய்யத் தூண்டியது யாது என்று வினவியபோது, ஏமாற்றுபவன்மீது எழும் சினமே என்பது தெரியவந்தது.

இந்தச் சினம் மூளையில் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஆராயும் காலம் அப்பொழுது கனிந்திருந்தது. காந்தப் புலத்தின் உதவியால், மூளையிற் குருதியோட்டம் மிகும் இடங்களைப் படம்பிடிக்கும் கருவிகள் பழக்கத்துக்கு வந்திருந்தன. 2003 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திலே அலன் சான்ஃபி என்பவரும் துணைவரும், அக்கருவியினுள் 19 பேரைக் கிடத்தி, 10 டொலரைப் பங்கிடும் இறுதிக்கெடு ஆட்டத்தை ஆடச் செய்தனர். சமப் பங்குகளும் வந்தன. ஒரு டொலர், இரண்டு டொலர் என்னும் சிறுமைப் பங்குகளும் வந்தன. மனிதன் கூறியதாகச் சிலவும், கணிப்பொறி கூறியதாகச் சிலவும் காட்டப்பட்டன.

நேர்மையற்ற பங்கைக் கண்டபோது, இன்சுலா என்னும் பகுதி கிளர்ச்சியுற்றது. மூளையின் மடிப்புக்குள் ஒதுங்கிக் கிடப்பதால், இலத்தீன் மொழியிலே தீவு என்னும் பொருள்தரும் இப்பெயரை அது பெற்றது. நோவு, பசி, அருவருப்பு ஆகியவற்றோடும் தொடர்புடையதாக முன்னரே அறியப்பட்ட பகுதி அது. அநீதியைக் கண்டு முகஞ் சுளிப்பதும், கெட்டுப்போன உணவைக் கண்டு முகஞ் சுளிப்பதும் வெறும் உவமையளவிலே மட்டும் ஒத்தவையல்ல என்று இதனாற் கருத இடமுண்டாயிற்று. அதே வேளையில், நெற்றிக்குப் பின்னே மேற்புறமாக அமைந்து, நோக்கத்தை நினைவிலிருத்தித் திட்டமிட உதவும் பகுதியும் தொழிற்பட்டது. முன்னதன் கிளர்ச்சி ஓங்கிய வேளைகளில் பங்கு மறுக்கப்பட்டது. பின்னது ஓங்கிய வேளைகளில் ஏற்கப்பட்டது. கணிப்பொறி தந்த சிறுபங்கை மக்கள் அத்துணை மறுக்கவுமில்லை. இன்சுலாவும் அத்துணைக் கிளரவில்லை. மனம் வைத்துச் செய்யும் தீங்கே மனத்தைச் சுடுகின்றது.

அடுத்த ஆண்டு, 2004 இல், சூரிக் நகரத்து ஆராய்ச்சியாளர் இன்னும் வியத்தகு செய்தியை வெளியிட்டனர். டொமினிக் த குவெர்வான் என்பவர் அக்குழுவின் முதல்வர். ஒருவன் மற்றவனை நம்பித் தன் 10 அலகையும் அனுப்புகின்றான். அது நான்கு மடங்காகி மற்றவன் கைக்குச் செல்ல, முன்னிருந்த 10 அலகோடு அவனிடம் 50 அலகு சேர்கின்றது. அவன் பாதியைத் திருப்பியனுப்பினால் இருவர்க்கும் 25 கிடைக்கும். அவனோ ஒன்றும் அனுப்பாது முழுவதையும் விழுங்குகின்றான். ஏமாற்றப்பட்டவன் இப்போது தண்டிக்கலாம். அவன் தண்டத்தைத் தீர்மானிக்கும் வேளையில், பொசித்திரன் கதிர்களைக் கொண்டு அவன் மூளை படம்பிடிக்கப்பட்டது.

தண்டம் உண்மையாகவே உறைக்கும் என்று அறிந்தபோது, மூளையின் உள்ளே வால்போல் நீண்ட உருவமுடைய கோடேற் என்னும் பகுதி கிளர்ச்சியுற்றது. பரிசு பெறும்போதும், பெறுவோம் என்று எதிர்பார்க்கும்போதும் தொழிற்படும் பகுதி அது. பெயரளவில் மட்டும் தண்டிக்கும் ஏற்பாட்டில் அஃது அத்துணைக் கிளரவில்லை. எவரிடத்தில் அக்கிளர்ச்சி மிகுந்திருந்ததோ அவர், தண்டித்தற்காகத் தம் பணத்தை மிகுதியாகச் செலவிடவும் முன்வந்தனர். பழிவாங்குதல் இனிது என்று உலகத்தார் பேசிவந்தது மூளையிலும் புலப்பட்டது. பணத்தைத் திருப்பியனுப்பாமை மற்றவனின் விருப்பத்தாலன்றிக் குலுக்கல் முறையால் நேர்ந்தது என்று அறிந்தபோதோ, பெரும்பாலோர் தண்டிக்க விரும்பவில்லை.

இவ்வாராய்ச்சிகளிலிருந்து, சினம் உணர்ச்சியின் வேலை. அடக்கம் அறிவின் வேலை என்று முடிவு கட்டுவது எளிது. 2006 இல் டாரியா குனோக் என்பாரும் சூரிக் குழுவினரும் அவ்வெளிய முடிவை அசைத்தனர். தலையின் வெளியேயிருந்து காந்தத் துடிப்புகளைச் செலுத்தி, நெற்றிக்குப் பின்னுள்ள மேற்பகுதியின் தொழிலை அவர்கள் சிறிது நேரம் தளர்த்தினர். அப்பகுதி சினத்தை அடக்குவதாயின், அது தளர்ந்தபோது மறுப்பு மிகுதல் வேண்டும். நிகழ்ந்ததோ நேர்மாறானது. வலப்பக்கம் தளர்த்தப்பட்டவர், 20 பிராங்கில் 4 பிராங் மட்டும் தரும் சிறுமைப் பங்கையும் மற்றவரினும் மிகுதியாக ஏற்றுக்கொண்டனர். இது நேர்மையா என்று கேட்டபோது, நேர்மையன்று என்றே அவர்களும் விடையளித்தனர். அநீதி என்று அறிந்திருந்தும், கைக்கெட்டிய காசை விடமுடியாத நிலை அவர்களுக்கு நேர்ந்தது. எனவே, அநீதியை எதிர்த்து நிற்பதற்குச் சினம் மட்டும் போதாது. ஆசையை அடக்கி நெறியைச் செயலாக்கும் திடமும் வேண்டும் என்பது புலனாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இவ்வாராய்ச்சிகளிற் பல, பத்தொன்பது பேர், பதினைந்து பேர் என்னும் சிறு தொகையினரிடத்தே நிகழ்ந்தவை. இன்சுலாவும் கோடேற்றும் வேறு பல தொழில்களிலும் பங்குகொள்பவை. ஓரிடம் கிளர்ச்சியுற்றது கொண்டே, இன்ன உணர்ச்சிதான் அங்கே எழுந்தது என்று உறுதியாகக் கூறிவிட முடியாது. மூளைப் படம் மனத்தின் வரைபடமேயன்றி மனமன்று.

மூளை எங்கும் ஒருதன்மைத்தாயினும், நேர்மை என்பதன் அளவு எங்கும் ஒன்றாயில்லை. மானிடவியலார் ஜோசப் ஹென்றிக்கும் துணைவரும் பதினைந்து சிறு சமுதாயங்களிலே இறுதிக்கெடு ஆட்டத்தை நடத்தி, 2001 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைக் காட்டுகின்றது. பெரு நாட்டுக் காடுகளில் வாழும் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக நூற்றுக்கு 26 பங்கையே கொடுத்தனர். பெற்றவரும் அதனை மறுப்பது அரிதாயிருந்தது. அவர்கள் பெரும்பாலும் தத்தம் குடும்பத்தோடு தனித்து உழைப்பவர். இந்தோனேசியாவின் லமலேரா ஊரிலே திமிங்கிலம் வேட்டையாடும் மக்களோ பாதிக்கும் மேலாகவே கொடுத்தனர். பலர் கூடிப் படகிற் சென்று, பிடித்ததை ஒழுங்குமுறைப்படி பங்கிட்டு வாழ்பவர் அவர்கள். பப்புவா நியூகினியில் அவு, கினாவு என்னும் மக்களிடையே, பாதிக்கு மேற்பட்ட பங்கைக்கூட மறுத்தவர் உண்டு; பெருங்கொடையை ஏற்பது பெருங்கடனை ஏற்பதாகும் என்பது அங்குள்ள மரபு. பகிர்ந்து வாழும் தொழில் எங்கு வேண்டப்பட்டதோ, சந்தைப் பழக்கம் எங்கு மிக்கிருந்ததோ, அங்கே சமப் பங்கீடும் மிக்கிருந்தது.

தண்டிக்கும் இன்பத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. பெனடிக்ற் ஹெர்மன், கிறிஸ்ரியன் தோனி, சைமன் கெக்ரர் ஆகியோர் உலகின் பல நகரங்களிலிருந்து பதினாறு மாணவர் தொகுதிகளைத் தெரிந்து, பொதுப் பேழை ஆட்டத்தை நடத்தினர். அதன் பெறுபேறு 2008 இல் வெளிவந்தது. பொஸ்ரன், கோபன்ஹேகன் போன்ற நகரங்களில் தண்டம் பெரும்பாலும் ஏமாற்றுபவர்மீதே விழுந்தது. ஏதென்ஸ், மஸ்கற் போன்ற நகரங்களிலோ, நிறைய இட்ட நல்லவர்மீதும் அது விழுந்தது. தண்டிக்கப்பட்டவர் தம் குற்றத்தை உணர்தற்குப் பதிலாக, யார் தண்டித்திருப்பார் என்று ஊகித்துப் பழிதீர்த்தது இதற்கு ஒரு காரணமாகலாம் என்று கருதப்பட்டது. பொதுக் கடமை பற்றிய ஒழுக்கமும் சட்டத்தின் ஆட்சியும் எங்கே தளர்ந்திருந்தனவோ, அங்கே இத்தகைய மாறான தண்டம் மிகுந்திருந்தது. அத்தகைய இடங்களிலே தண்டம் பொதுப் பேழையை நிரப்ப உதவவில்லை.

தனிமனிதன் கையிலிருந்த தண்டத்தை மன்றத்திடம் ஒப்படைத்தமைக்கு உரிய காரணம் இங்கே விளங்குகின்றது. நீதிபதிக்கு வழக்கால் வரும் இலாபமுமில்லை. பழிதீர்க்க வேண்டிய பகையுமில்லை. அமெரிக்காவின் வன்டபில்ற் பல்கலைக்கழகத்திலே சட்ட அறிஞர் ஒருவரும் மூளை நூல் வல்லாரும் ஒன்றுகூடி, குற்றக் கதைகளைப் படித்துத் தண்டனை விதிக்கும் நடுநிலையாளரின் மூளையைப் படம்பிடித்து, 2008 இல் வெளியிட்டனர். குற்றத்துக்கு அவன் பொறுப்பாளியா என்று தீர்மானிக்கையில், நெற்றிக்குப் பின்னுள்ள அதே வலப்பகுதி தொழிற்பட்டது. தண்டனை எவ்வளவு கடியது என்பதோடு ஒத்து ஏறியிறங்கியவை, உணர்ச்சியோடு தொடர்புடைய உட்பகுதிகள். குற்றவாளி யார் என்பதை ஆராயும் தொழிலும், தண்டத்தின் கடுமையை அளக்கும் தொழிலும் ஒருவன் தலைக்குள்ளேயே இருவேறு வழிகளிற் செல்கின்றன போலும். சாட்சியம் கேட்டுக் குற்றத்தை முதலிலே நிலைநாட்டி, அதன் பின்னரே தண்டத்தைப் பற்றிப் பேசும் நீதிமன்ற ஒழுங்கு, மூளை நூல் பிறப்பதற்குப் பன்னெடுங்காலம் முன்பே இவ்வேறுபாட்டைக் கைக்கொண்டிருந்தது.

சினம் நோயா, தூணா என்று தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை ஒருபாற்பட்டதன்று. அநீதியைக் கண்டு எவரும் சினவாத ஊரிலே, பொதுப் பேழையை ஏமாற்றுபவர் வெறுமையாக்கிவிடுவர். சினம் கொண்டோர் ஒவ்வொருவரும் தாமே தண்டிக்கத் தொடங்கிய ஊரிலோ, பேழைக்கு இட்டவனும் அடிபடுவான். மூளை சினத்தைத் தருகின்றது. தண்டிப்பதில் ஓர் இனிமையையும் வைத்திருக்கின்றது. அச்சினம் யார்மேல், எவ்வளவு செல்லவேண்டும் என்பதையோ அது தனியே அறியாது. அதனைக் கற்பிப்பன ஊரின் ஒழுக்கமும், யாவர்க்கும் ஒத்த சட்டமும், எப்பக்கமும் சாராத மன்றமுமே. 1759 இல் அடம் சிமித் மனக்கண்ணாற் கண்ட அந்த நடுநிலைப் பார்வையாளனை ஒவ்வொரு தலைமுறையும் தன் வீட்டிலும் தெருவிலும் மன்றத்திலும் புதிதாக வளர்த்தெடுக்க வேண்டியிருக்கின்றது. அவன் இல்லாத இடத்திலே நீதியின் சினம் வெறும் பழியாகிவிடும்.